போல்ட்டுக்காரரின் முப்பத்தொரு பாடங்கள்

போல்ட்டுக்காரர் ஒரு டீச்சருக்கு ஆறாயிரத்து இருநூறு பாக்கி வைத்திருந்தார். முப்பத்தொரு பாடம், பாடத்துக்கு இருநூறு. கணக்கில் சந்தேகமே கிடையாது. கையில் பணம் இல்லாமல் வந்த பாக்கியும் இல்லை. கல்லாப்பெட்டியில் அதைப் போலப் பத்து மடங்கு எந்த நேரமும் கிடக்கும். கொடுக்க மனசு இல்லையா என்றால் அதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கட்டாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார். அந்த அம்மாள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். சங்கடம் அங்கேதான்.

வேறு ஆளாக இருந்தால் நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிடுவான். போல்ட்டுக்காரரால் முடியவில்லை. அறுபத்தாறு வயது வரை அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு வந்த ஒரே வாசகம், "எனக்கு எவனும் பாக்கி தரலாம், நான் எவனுக்கும் பாக்கி கிடையாது" என்பது. கல்யாண வீட்டில் சொல்வார், சவரக் கடையில் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். சும்மா சொன்னதில்லை, சொல்லத் தகுதி இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா இறந்துபோன வருஷம் அது. பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் போல்ட்டு பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். துருப்பிடித்த குவியல் ஆள் உயரத்துக்கு நிற்கும். அதிலிருந்து போல்ட்டு தனி, நட்டு தனி, வாஷர் தனி, அதிலும் அளவுக்கு ஒரு டின். மற்றவர்கள் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். இவர் மூன்றே மாதத்தில் அளவுகோலைத் தூக்கிப் போட்டார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் போதும், ஆறு எம்.எம்மா எட்டு எம்.எம்மா என்று தோல் சொல்லிவிடும். கிடங்கு முதலாளி ஒருநாள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு நாற்பது போல்ட்டைக் கையில் கொடுத்தார். நாற்பதும் சரி. முதலாளி வாய் திறந்தது திறந்தபடி நின்றது என்று போல்ட்டுக்காரர் சொல்வார். நாம் நம்பித்தான் ஆகவேண்டும், முதலாளி இப்போது இல்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நாலு மரப்பெட்டியோடு தனிக்கடை. பிறகு ஒரு ஷட்டர். பிறகு தெருமுனையில் மூன்று ஷட்டர், தரையிலிருந்து கூரை வரை முந்நூற்று இருபது இழுப்பறை, உருண்டு போகிற இரும்பு ஏணி. ஒரு பைசா வட்டிக்கு வாங்கவில்லை. அந்தத் தெருவில் கடன் இல்லாமல் மூன்று ஷட்டர் போட்டவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குடலிறக்கம் வருகிற வரைக்கும். பெரிய ஆபரேஷன் இல்லை. ஆனால் பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடக்க வேண்டியதாயிற்று. கடையை மச்சினன் பார்த்துக்கொண்டான். மனைவியின் தம்பி, முப்பது வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்பவன், நாணயமானவன், நகைச்சுவைக்காரன். ஆனால் எந்தச் சாமான் எந்த இழுப்பறையில் என்பது அவனுக்குப் பாதிதான் தெரியும். எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததேயில்லை, அத்தான் பக்கத்திலேயே இருந்ததால்.

படுக்கைக்கு அருகே தொலைபேசி ஓயவில்லை.

"அத்தான், அரை அங்குலப் பித்தளை வாஷர் எங்கே?"

"ஏழாவது வரிசை, மேலேருந்து மூணு."

"அத்தான், மரத்துக்குப் போடற கறுப்பு ஸ்க்ரூ?"

"ஏணியை இடது பக்கம் தள்ளு. தள்ளிட்டியா? இப்ப உன் மூக்குக்கு நேரா."

ஒன்பதாம் நாள் போல்ட்டுக்காரர் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் எடுத்து, ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "அது ஏழாவது வரிசை, மேலேருந்து மூணு. அவரை எழுப்பாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

இதை அவர் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"மூணு ஷட்டரும் உங்க மண்டைக்குள்ள இருக்கு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்த நர்ஸைக் கூட்டிட்டு வந்து கல்லாவில உட்கார வைக்கறதா?"

 அந்தக் கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

வீடு திரும்பிய வாரமே, கடைகளுக்கு சாப்ட்வேர் விற்கிற ஆள் ஒருவன் கழுத்தில் டையும் கையில் பையுமாக வந்து சேர்ந்தான். சாமான் பெயரைத் தட்டினால் இழுப்பறை எண்ணும் இருப்பும் திரையில் வரும் என்று காட்டினான். போல்ட்டுக்காரருக்குப் பிடித்துத்தான் போயிற்று. விலையும் பேசி முடிந்தது. கடைசியாக அவர் கேட்டார், "நாளைக்குப் புதுசா ஒரு இழுப்பறை செஞ்சா?"

"எங்களைக் கூப்பிடுங்க சார். வந்து சேர்த்துக் கொடுப்போம். ஒரு சின்னக் கட்டணம்."

"ஒவ்வொரு இழுப்பறைக்குமா?"

"ஒவ்வொரு மாற்றத்துக்கும் சார்."

"என் மரம், என் ஆணி, என் தச்சன். நான் செய்யற இழுப்பறைக்கு உனக்கு எதுக்குய்யா வாடகை?" என்று போல்ட்டுக்காரர் எழுந்துவிட்டார். "போ. நானே எழுதிக்கறேன்."

அந்த ஆள் போய்விட்டான். வார்த்தை போகவில்லை. மச்சினன் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், நீங்க கையெழுத்துப் போடறதுக்கே பேனாவை ரெண்டு தடவை உதறுவீங்க. சாப்ட்வேர் எழுதப் போறீங்களா?"

சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்தப் பேச்சு அத்தோடு போயிருக்கும். சிரித்தானா, முடிந்தது கதை.

டீச்சரைக் கண்டுபிடித்தது மனைவிதான். துணி போடுகிற சலவைக்கடையின் மாடியில் ஒரு தகரப் பலகை: 'கணினி அறிவியல், தனிப்பாடம்.' வீட்டுக்கு வந்து சொன்னார், "போய்க் கேளுங்க. மானம் போனாலும் அஞ்சே நிமிஷத்துல போயிடும்."

மாடியில் ஒரே அறை. கீழேயிருந்து இஸ்திரி ஆவியும் கஞ்சி வாசனையும் தரைப்பலகை இடுக்கு வழியாக ஏறிக்கொண்டிருக்கும். நீளமேசை, அதில் இரண்டு பழைய கணினி, ஒன்றில் 'இ' எழுத்துக் கட்டையே இல்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையில் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பேரன் என்ன படிக்கறான்?" என்று கேட்டார்.

"பேரனுக்கு இல்லைம்மா. எனக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. போல்ட்டுக்காரருக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சு. ஆனா அந்த அஞ்சையும் நல்லாப் படிச்சேன்."

"இங்கிலீஷ் எழுத்து?"

"போல்ட்டு மண்டையில என்னென்ன எழுத்து அடிச்சிருக்கோ, அதெல்லாம் தெரியும்."

"போதும். மிச்சத்தைப் பார்த்துக்கலாம். புரோகிராம் என்ன செய்யணும்?"

"எந்தச் சாமான், எந்த இழுப்பறை, எத்தனை இருக்குன்னு சொல்லணும். நான் கடையில இல்லாதப்பவும் சொல்லணும்."

டீச்சர் தலையாட்டினார். போல்ட்டுக்காரர் ஒரு மாதத்து முன்பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். டீச்சர் ஒரு ஸ்கேலால் அதை அப்படியே திருப்பித் தள்ளினார்.

அவருடைய வழக்கம் அது. பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே முதலில் பணம், கடைசியில் சான்றிதழ், நடுவில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பொன் எழுத்தில் சான்றிதழ் வாங்கிய ஒரு பையன் மறுநாள் வந்து, "மிஸ், இனிமே இதை வச்சு என்ன செய்யணும்?" என்று கேட்டானாம். அன்றைக்கே வேலையை விட்டார். பகலில் ஒரு அச்சகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் பாடம். மாணவன் எழுதியது அவர் கண் முன்னால் வேலை செய்த பிறகுதான் கூலி.

"உங்க கடைக்கே வருவேன். நான் கைகாட்டற இழுப்பறை மூணு. புரோகிராம் சொல்ற எண்ணிக்கையும் கையால எண்ணற எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும். அன்னைக்குக் கையை நீட்டி வாங்கிக்கறேன்."

"சரியா வரலைன்னா?"

"ஒரு பைசா வேண்டாம்."

"அதெப்படி? அப்ப நான் சாகற வரைக்கும் கடன்காரனா?"

"அப்ப சரியா எழுதுங்க" என்றார் டீச்சர்.

இப்படித்தான் நாற்பது வருஷம் கடன் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்த மனுஷன் முதல் பாடத்தோடு கடன்காரர் ஆனார்.

காலை ஆறரை மணிக்குப் பாடம். எட்டரைக்குக் கடை. தொடக்கத்தில் போல்ட்டுக்காரருக்கு எல்லாம் கைவந்த கலைபோல இருந்தது. மதிப்பைப் போட்டுவைக்க ஒரு பெயர் வைத்த இடம் வேண்டும் என்று டீச்சர் விளக்க ஆரம்பித்தார். இவர் பாதியிலேயே கையை உயர்த்தினார். "இழுப்பறை. வெளியில பேர், உள்ளே சாமான். சாமான் மாறும், பேர் மாறாது. மேலே போங்க." கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதை இரண்டு வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு முழுக்கப் போல்ட்டுக்காரர் தரையில் நடக்கவில்லை. வந்த வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னார்.

ஏழாம் பாடத்தில் தரைக்கு வந்தார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற பாடம். கணினியை 'வாஷர்' என்று பத்துத் தடவை எழுதச் சொன்னார், நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். திரையில் வாஷர் வாஷர் வாஷர் என்று அருவி மாதிரிக் கொட்டியது. மிரண்டுபோய் மேசைக்கடியில் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினார். கீழே சலவைக்கடையில் இஸ்திரி நின்றுபோனது. அவர் பிடுங்கியது கடைக்குப் போகிற கம்பியை.

"யாருய்யா மாடியில?" என்று சலவைக்காரர் கத்தினார்.

"கம்ப்யூட்டர் படிக்கறாங்க!" என்று டீச்சர் குனிந்து குரல் கொடுத்தார்.

பதினொன்றாம் பாடத்தில் சண்டை. போல்ட்டு அளவுகளைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கக் கணினிக்குச் சொன்னார். கணினி பத்து, பன்னிரண்டு, பதினாறு, ஆறு, எட்டு என்று அடுக்கியது. "இப்படி அடுக்கியிருந்தா எங்க வாத்தியார் என் காதைப் பிச்சு மேசைமேல வச்சிருப்பார்!" என்றார் போல்ட்டுக்காரர். டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க அதை எண்ணுன்னு சொல்லிக் கொடுக்கலை, எழுத்துன்னு சொல்லிக் கொடுத்தீங்க. எழுத்துல ஒண்ணு முதல்ல வரும், ஆறு அப்புறம் வரும். அது நீங்க சொன்னதைத்தான் கேட்டுது."

"நான் நினைச்சதைக் கேட்கலையே."

"அது ஒருநாளும் கேட்காது."

இந்த ஒரு பதில் அவருக்குச் செரிக்கப் பத்து நாள் ஆயிற்று. கடையில் அவர் நினைப்பதை எல்லோரும் கேட்டுப் பழக்கம். புருவத்தைத் தூக்கினால் மச்சினன் ஏணியைத் தள்ளுவான். இந்தப் பெட்டிக்கோ ஒவ்வொன்றையும் சொல்லி அழவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே தெரியாத சங்கதிகள் வெளியே வந்தன. பித்தளை வாஷர் ஏன் ஏழாவது வரிசை? கேட்டால் காரணம் இல்லை. வாஷர் வந்த நாளில் அந்த இழுப்பறை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் அவரும் மச்சினனுமாக இழுப்பறைகளைக் கொட்டி எண்ணினார்கள். ஐந்து ஞாயிறில் முந்நூற்று இருபதும் முடிந்தன. எண்ணிக்கை கணினிக்குள் போயிற்று. ஒவ்வொரு விற்பனைக்கும் மச்சினன் எண்ணைத் தட்டுவான், இருப்பில் அவ்வளவு குறையும். எழுதியது முழுக்கப் போல்ட்டுக்காரர். ஒற்றை விரலால் தட்டி எழுதியதுதான், ஆனாலும் அவருடைய விரல்.

இருபத்திரண்டாம் பாடத்தன்று டீச்சரைக் கடைக்கு அழைத்தார். சட்டைப் பையில் கட்டு தயார்.

டீச்சர் கைகாட்டிய முதல் இழுப்பறை எட்டு எம்.எம். நட்டு. திரை நானூற்றுப் பன்னிரண்டு என்றது. கொட்டி எண்ணினார்கள். முந்நூற்று எழுபத்தொன்று. மறுபடி எண்ணினார்கள். முந்நூற்று எழுபத்தொன்றேதான். இரண்டாவது இழுப்பறையில் பத்தொன்பது குறைந்தது.

"அப்புறம் பார்க்கலாம்" என்று டீச்சர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த இரண்டு வார்த்தை போல்ட்டுக்காரருக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

அவருக்கு இரண்டே வழிதான் தெரிந்தது. ஒன்று, புரோகிராம் பொய் சொல்கிறது. அது தான் எழுதியது, ஆகவே பொய் சொல்லாது. இரண்டாவது வழியை நினைத்தபோது கண் தானாகக் கவுன்ட்டர் பக்கம் போயிற்று.

"ஏண்டா, விக்கறதெல்லாம் தட்டறியா?"

மச்சினனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று. "தட்டாம என் பையில போட்டுக்கறேன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"முப்பது வருஷம். நாப்பது நட்டைத் திருடி நான் மாளிகை கட்டியிருக்கேன், வந்து பாருங்க." அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம், "உள்ளே போங்க, முதலாளி இருக்கார். நான் திருடன், வெளியில இருக்கேன்" என்று சொல்லி அனுப்பினான்.

வீட்டில் மனைவிக்குச் செய்தி முன்பே போயிருந்தது. தட்டை வைத்த சத்தத்திலேயே பேச்சு இருந்தது.

மறுநாள் காலை டீச்சரைப் பார்க்கப் போனார். நடந்ததைச் சொன்னார். டீச்சர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"தப்பு எங்கேன்னு தெரியறதுக்கு முன்னாடி தப்பு யாருதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதையா நான் சொல்லிக் கொடுத்தேன்? பிழை வந்தா என்ன செய்யணும்?"

"திட்டக் கூடாது."

"அப்புறம்?"

"நடக்கறதை நடக்கற வரிசையில எழுதிப் பார்க்கணும்."

"எழுதினீங்களா?"

போல்ட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சலவைத்துணிகளைப் பார்த்தார்.

அன்றைக்கு அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டீச்சரே கடைக்கு வந்தார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் உட்கார்ந்தார். மச்சினனை வாசலிலிருந்து கெஞ்சி உள்ளே கூட்டிவந்தார். நோட்டில் கோடு போட்டு, நடப்பதை ஒவ்வொன்றாக எழுதினார். ஆள் வந்தான். ஐம்பது நட்டு கேட்டான். மச்சினன் ஐம்பது எண்ணினான். ஐம்பது என்று தட்டினான். பையில் போட்டான். பணம் வாங்கினான்.

அடுத்த ஆள். அதேதான். மூன்றாவது ஆள். எழுதிக்கொண்டிருந்த டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார்.

"முதலாளி, வலது கையை அப்படியே வைங்க. அசையாதீங்க."

போல்ட்டுக்காரர் திருடன் அகப்பட்ட மாதிரி நின்றார். கை வாடிக்கையாளரின் பைக்கு நேர் மேலே இருந்தது.

"விரலைத் திறங்க."

திறந்தார். உள்ளங்கையில் நாலு நட்டு.

 அவரே அதைப் பார்த்தது அப்போதுதான். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்த நாளிலிருந்து, சாமான் வாங்கியவன் வெறும் கணக்கோடு போகக் கூடாது என்று ஒரு கைப்பிடி மேலே போட்டு அனுப்புவது அவர் வழக்கம். நாற்பது வருஷத்தில் அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. பேசிக்கொண்டே இழுப்பறைக்குள் கை போகும், பேசிக்கொண்டே பையில் விழும். மூளைக்குத் தகவலே வராது.

"புரோகிராம் சரி. தட்டினவரும் சரி" என்றார் டீச்சர்.

வாடிக்கையாளர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அந்த நாலை இப்பப் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டார்.

போல்ட்டுக்காரர் போட்டார். பிறகு மச்சினன் பக்கம் திரும்பாமலே, "டேய், டீ சொல்லிட்டியா?" என்றார்.

"திருடன் சொன்னா டீ வருமா?"

"வரும். ரெண்டா சொல்லு." தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது தப்புடா."

முப்பது வருஷத்தில் அத்தான் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை மச்சினன் கேட்டதில்லை. "டீச்சரம்மா, இதையும் நோட்டுல எழுதிக்கங்க, தேதி போட்டு" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனான். மூன்று சொன்னான்.

கையை நிறுத்துவது என்று போல்ட்டுக்காரர் தீர்மானித்தார். ஒரு வாரம் வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர்கள் கவலைப்பட்டார்கள். ஒருவர் கையில் சுளுக்கா என்றார். இருபது வருஷமாக வருகிற தச்சர், "என் மேல ஏதாவது வருத்தமாய்யா?" என்று கேட்டு, கண் கலங்காத குறையாகப் போனார். அன்றைக்கே கை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"கை கேட்க மாட்டேங்குது டீச்சர்" என்று போய்ச் சொன்னார்.

"கேட்க வேண்டாமே. உங்க கடை எப்படி நடக்குதோ அப்படியே எழுதுங்க. கடையில நடக்கறது புரோகிராம்ல இல்லை, அவ்வளவுதான் குறை."

ஒன்பது பாடம் பிடித்தது. ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் திரை ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'கைப்பிடி எத்தனை?' எண்ணைத் தட்டாமல் அடுத்த விற்பனைக்குப் போக விடக் கூடாது. கேட்க எளிது. முதலில் எழுதியபோது எல்லோருக்கும் ஒரே கைப்பிடியைக் கழித்தது. பிறகு கைப்பிடியைக் கழிக்காமல் கூட்டியது, கடையில் சாமான் தானாகப் பெருகியது. எழுதினார், அழித்தார், திட்டாமல் இருக்கப் பழகினார். இருபத்தெட்டாம் பாடத்தில் தானாகவே காகிதத்தை எடுத்து நடப்பதை வரிசையாக எழுதித் தப்பைப் பிடித்தார். டீச்சர் எழுந்துபோய்க் கீழேயிருந்து தன் காசில் டீ வாங்கிவந்தார்.

கடையில் இதனால் கொண்டாட்டம் மச்சினனுக்குத்தான். அவனுக்கு அதிகாரம் வந்துவிட்டது. "அத்தான், நில்லுங்க! கையைக் காட்டுங்க. ஆறா? அந்தாளுக்கு எதுக்கு ஆறு? போன மாசம் பேரம் பேசினவராச்சே!" என்பான். "நீ தட்டற வேலையைப் பாரு" என்பார் இவர். ஆனாலும் கையைக் காட்டுவார். ஞாயிறுகளில் இருவருமாக இழுப்பறைகளை மறுபடி கொட்டி எண்ணி இருப்பைச் சரிசெய்தார்கள்.

முப்பத்தொன்றாம் பாடத்துக்கு மறுநாள் காலை டீச்சர் கடைக்கு வந்தார். மனைவியும் வந்திருந்தார், கல்லாவுக்கு அருகில் முக்காலி போட்டு, வேடிக்கை பார்க்கவில்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

முதல் இழுப்பறை. திரை முந்நூற்று நாற்பது என்றது. மச்சினன் தட்டில் கொட்டிப் பத்துப் பத்தாகத் தள்ளினான். கடைசியில் இழுப்பறையின் முகப்பை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "முந்நூத்தி நாப்பது" என்றான். இரண்டாவது, ஏணியில் ஏறி எடுக்க வேண்டிய பெரிய போல்ட்டு. திரையில் எழுபத்தேழு. அவன் எண்ணினான், முகப்பைத் தட்டினான், எழுபத்தேழு.

"மூணாவதை நான் எண்ணறேன்" என்றார் டீச்சர். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க."

திரை நூற்று எண்பத்தாறு என்றது. டீச்சர் எண்ணினார். உதடு அசைந்து நின்றது. மறுபடி எண்ணினார். "நூத்தி எண்பத்தஞ்சு."

ஒன்று. ஒரே ஒரு ஸ்க்ரூ. மனைவி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மச்சினன் டீச்சர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூவை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, தட்டில் நழுவவிடவா என்று புருவத்தால் கேட்டான். போல்ட்டுக்காரர் முறைத்த முறைப்பில் அது அவன் பைக்கே திரும்பிப் போயிற்று.

காது சிவந்துவிட்டது அவருக்கு. நாலு மாதம் முன்பாக இருந்தால் மேசையைக் குத்தியிருப்பார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். பேனாவை இரண்டு தடவை உதறினார்.

"டீச்சர், நீங்க எண்ணினதை எனக்கு வரிசையாச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

டீச்சர் புருவத்தை உயர்த்தினார். "இழுப்பறையை வெளியே இழுத்தேன்."

எழுதினார்.

"தட்டுல கொட்டினேன். பத்துப் பத்தா பிரிச்சேன். பதினெட்டுப் பத்து, மேல அஞ்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னேன்."

"முகப்பைத் தட்டலையே."

"எதுக்குத் தட்டணும்?"

போல்ட்டுக்காரர் எழுந்துபோய் இழுப்பறையைத் தூக்கி டீச்சர் கண்ணுக்கு நேராகத் திருப்பினார். வெளிப்பக்கத்தில், உள்ளே என்ன சாமான் என்று காட்டுவதற்காக, ஒரு ஸ்க்ரூ முடுக்கப்பட்டிருந்தது. முந்நூற்று இருபது இழுப்பறையிலும் அப்படித்தான், ஒவ்வொன்றின் முகத்திலும் அதனதன் சாமான் ஒன்று.

"இதுவும் சரக்குதான். சரக்கு தீர்ந்துபோனா இதையும் கழட்டி வித்துடுவேன். எண்ணினப்ப இதையும் சேர்த்துத்தான் எண்ணினோம். அவன் தட்டறது இதை எண்ணத்தான்."

டீச்சர் அந்த ஸ்க்ரூவை விரலால் தொட்டார். தொட்டுவிட்டு, "நூத்தி எண்பத்தாறு" என்றார். சிரிப்பு மெல்லக் கிளம்பி, நெற்றியில் இருந்த கண்ணாடி நழுவி மூக்கில் விழுகிற அளவுக்குப் பெரிதாயிற்று. "பிழை என்னோட எண்ணிக்கையில!"

"டீச்சரும் தப்புப் பண்ணுவாங்களா?" என்றார் மனைவி.

"தினமும்மா. பிடிக்கறதுக்குத்தான் ஆள் கிடைக்கறதில்லை."

போல்ட்டுக்காரர் மார்பை நிமிர்த்தினார். என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். "அஞ்சாவது படிச்ச..." என்று ஆரம்பித்தார்.

"முதல்ல கடனைக் கொடுங்க. அப்புறம் மாலை வரைக்கும் பெருமை பேசலாம்" என்றார் மனைவி.

டீச்சர் வலது கையை நீட்டினார். போல்ட்டுக்காரர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்தார். நாக்கில் விரலை நனைத்தார்.

"முப்பது பாடம்தான்" என்றார் டீச்சர். "பதினாலாவதுல நீங்க குறட்டை விட்டுத் தூங்கிட்டீங்க."

"தூங்கினது நான். நீங்க முழிச்சுதானே இருந்தீங்க? முப்பத்தொண்ணு."

"முப்பது."

"என் கடையில வந்து என் எண்ணிக்கையைக் குறைக்காதீங்க" என்றார் அவர். ஒரு பாடத்துக்கு இரண்டு நோட்டாக, விரித்த உள்ளங்கையில் வைத்து, கடை முழுக்கக் கேட்கிற குரலில் எண்ணத் தொடங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கை நிறைந்துகொண்டே போயிற்று. பத்தாவதில் டீச்சர் இடது கையையும் சேர்த்துக்கொண்டார். இருபதில் மச்சினனும் கூடச் சேர்ந்து எண்ணினான். இருபத்தொன்பது. முப்பது. போல்ட்டுக்காரர் ஒரு மூச்சு நிறுத்தி, கடைசி இரண்டு நோட்டையும் நீவி மேலே வைத்தார்.

"முப்பத்தொண்ணு."